வாட்ச்மேன் இல்லாத கார்டு

"மாப்பிள்ளை, தொடாதீங்க," என்றார் மாமனார்.

மாப்பிள்ளை தொடவில்லை. தூசி துடைக்கிற துணியோடு நீண்ட கை பாதி வழியிலேயே நின்றது. கட்டிலில் கண்ணை மூடிக் கிடக்கிற மனிதர், மூன்று நாளாக இரண்டு ஸ்பூன் பாலுக்கு மேல் இறங்காத மனிதர், இதை மட்டும் எப்படிப் பார்க்கிறார் என்று அவனுக்கு விளங்கவே இல்லை.

"தூசிதான் மாமா."

"அது பாட்டுக்கு இருக்கட்டும். தூசி யாரையும் தொந்தரவு பண்ணலை."

சமையலறையிலிருந்து மாமியார் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒன்பது வருடமாக இந்த வீட்டில் இதே வசனம், இதே சிரிப்பு. மாப்பிள்ளைக்குக் கொடுக்கவேண்டிய மரியாதையில் மாமனார் ஒரு குறையும் வைத்ததில்லை. தொடாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. தொடாதீங்க என்றுதான் சொல்வார்.

தொடக்கூடாத அந்தப் பொருள் ஹாலின் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற இரும்பு ரேக். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தாறு வருடம் மெக்கானிக்காக இருந்தவர், அங்கே கழித்துப்போட்ட ஒரு ரேக்கைத் தூக்கிவந்து வீட்டில் நிறுத்தி, இந்த வீட்டையே அதில் மாட்டி வைத்திருந்தார். புத்தகம் அடுக்கியது போல வரிசையாக, மின்சுற்று பதித்த பதினோரு கார்டுகள். ஒன்று தண்ணீர் மோட்டாருக்கு, ஒன்று வாசல் மணிக்கு, மற்றவை மின்விசிறிக்கும் விளக்குக்கும் ரேடியோவுக்கும். எது கெட்டாலும் அதை மட்டும் உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். ரேக்கை அணைக்க வேண்டியதில்லை. அணைப்பது அவருக்குப் பிடிக்காது. "ஒருத்தனுக்குப் பல்வலின்னா ஊரையே தூங்க வைப்பியா?" என்பார். மாமியார் அந்த ரேக்குக்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி.

ரேக்கின் உச்சியில் நாள் எண்ணும் கருவி ஒன்று இருந்தது. பழைய ரயில் நிலையங்களில் நேரம் காட்டுமே, அதுபோலத் தகடு புரண்டு எண் மாறும். ரேக் நிற்காமல் ஓடிய நாட்களின் எண்ணிக்கை அது. இவன் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது ஐயாயிரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. இன்று காலையில் அது காட்டியது 3311.

குறைந்ததற்குக் காரணம் மாப்பிள்ளைதான்.

அவன் ரொட்டிக்கடைக்காரன். மூன்று தெரு தள்ளி அவனுடைய கடை, அதன் பின்னால் அடுப்பு. கடை மாடியில் குடித்தனம் வைக்கலாம் என்று நினைத்திருந்தான். அடுப்பின் அனலில் மாடித் தரையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது, அத்தனை சூடு. ஆகவே வீட்டோடு மாப்பிள்ளை ஆனான். அந்தப் பெயரே அவனுக்கு உறுத்தல். வந்த முதல் மாதம், ஒரு மத்தியான வேளையில் மோட்டார் கார்டு செத்துப்போனது. மாமனார் வெளியே போயிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்கான மனைவி எங்கோ பதினாலாவது மாடியில் தொங்கிக்கொண்டிருந்தாள். சோம்பேறி என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, பெட்டியிலிருந்து ஒரு பழைய கார்டை எடுத்து, அடுப்புக்குள் தட்டைத் தள்ளுகிற வேகத்தில் ஒரே தள்ளாகத் தள்ளினான். நீலமாக ஒரு பொறி பறந்தது. வீடு மொத்தமும் நின்றது. குளியலறையில் தலை நிறையச் சோப்போடு மாமியார் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை நிமிர்ந்தே பார்க்காமல் கடைக்கு ஓடிப்போனான்.

சாயங்காலம்வரை அடுப்பின் முன்னால் உட்கார்ந்து யோசித்தான். பிறகு நல்லதாக ஒரு ரொட்டியைச் சுட்டு எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். மாமனார்தான் கதவைத் திறந்தார். "நின்னுட்டே இருக்காதீங்க, உள்ளே வாங்க," என்று ரொட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்கு வந்தபோது ரேக்கின் உச்சியில் நான்கு பூஜ்யங்கள் இருந்தன. அன்றிலிருந்து தினமும் விடிகாலையில் கடைக்குக் கிளம்பும்போது அந்த எண்ணைப் பார்க்காமல் அவனால் ஹாலைத் தாண்ட முடிந்ததில்லை. ஒவ்வொரு நாளும் அது ஒன்று கூடிக்கொண்டே வந்து, அவனுடைய தப்புக்கு வயது சொன்னது. மாமனார் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தொடாதீங்க என்பதைத் தவிர.

இப்போது டாக்டர், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். மாமனார் கேட்டது இரண்டு. ஒன்று, கட்டில் ரேக்கைப் பார்த்தமாதிரி இருக்க வேண்டும். இரண்டு, இன்று மூன்று மணிக்குப் பந்தாட்ட இறுதிப் போட்டியின் வர்ணனையைப் பழைய சகாக்களோடு ரேடியோவில் கேட்க வேண்டும். ரேடியோ கார்டு போன வாரமே பழுதாகிவிட்டது. அவர் விடவில்லை. தலையணையில் சாய்ந்துகொண்டு, மடியில் பலகையை வைத்து, நடுங்குகிற கையால் புதுக் கார்டு ஒன்றைத் தானே ஈயத்தால் பற்றவைத்து முடித்திருந்தார்.

பதினோரு மணிக்கு மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கொடுங்கப்பா, நான் போட்டுடறேன்."

"நீ வேணாம்," என்றார் அவர். "மாப்பிள்ளை போடட்டும்."

தனக்குப் பின்னால் வேறு யாரோ மாப்பிள்ளை நிற்கிறார்களா என்று அவன் திரும்பிப் பார்த்தான்.

"நானா?"

"வேற யாரு இருக்கா? எனக்கு ஒரே பொண்ணு."

குளிக்கக் கிளம்பிக்கொண்டிருந்த மாமியார், "கொஞ்சம் இருங்க, நான் குளிச்சுட்டு வந்துடறேன்," என்றார். மாமனார் அதைக் காதில் வாங்கவில்லை. "அவ குளிக்கப் போனா ஒரு மணி நேரம். நீங்க வாங்க. முதல்ல ரேக்கோட இரும்பைத் தொடுங்க. தொட்டீங்களா? உங்க உடம்புல இருக்கற சார்ஜ் எல்லாம் அதுல எறங்கிடும். இப்ப கார்டைப் பிடிங்க. ஓரத்துல பல்லு இருக்கு பாருங்க, ரெண்டு மட்டும் நீளமா. அதுங்க முதல்ல போய் தரையைத் தொட்டுக்கும். நிக்கறதுக்கு எடம் கிடைச்சப்பறம்தான் கரண்டு வரணும். மெதுவா. கார்டு காலி வயித்தோட வருது. அப்படியே விட்டா மத்தவங்க பங்கையும் ஒரே வாயில குடிச்சுடும், மத்த கார்டெல்லாம் மயங்கி விழுந்துடும். அதுக்குத்தான் ஒவ்வொரு கார்டுலயும் ஒரு வாட்ச்மேன் வெச்சிருக்கேன். கொஞ்சம் கொஞ்சமாத்தான் உள்ளே விடுவான்."

வாட்ச்மேன் என்று அவர் சொன்னது, கார்டின் மூலையில் இருக்கிற கறுப்பு நிறச் சின்னப் பாகத்தை. ஒன்பது வருடத்துக்கு முன் இவன் எடுத்துச் செருகியது வாட்ச்மேன் என்ற ஏற்பாடே வராத காலத்துக் கார்டு. அது தெரிந்தபிறகும் இவனுடைய குற்ற உணர்ச்சி குறைந்ததில்லை. பெட்டியின் மேல் 'பழசு' என்று கொட்டை எழுத்தில் எழுதித்தான் இருந்தது.

மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டான். மாவில் விரல் வைத்துப் பார்க்கிற மென்மையோடு கார்டைப் பள்ளத்தில் வைத்து நகர்த்தினான். நீளப் பற்கள் உட்கார்ந்தது கையில் தெரிந்தது. இன்னும் ஒரு நூல் அளவு.

பட்டென்று நீலப் பொறி ஒன்று பறந்தது.

மின்விசிறி சோர்ந்து நின்றது. கார்டுகளின் பச்சை விளக்குகள் அத்தனையும் ஒரேயடியாக அணைந்தன. குளியலறையிலிருந்து, "தண்ணி நின்னுடுச்சு! சொன்னேனா இல்லையா? சோப்பு போட்டாச்சு!" என்று மாமியாரின் குரல் வந்தது.

மாப்பிள்ளை கையை இழுத்துக்கொண்டான். கிடைத்த ஒரே வாய்ப்பு. இன்னொன்று கிடைக்கப்போவதில்லை என்று ஹாலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். சாகக் கிடக்கிறவர் நம்பிக் கொடுத்ததையும் கெடுத்தாயிற்று. கட்டில் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

மனைவி அதற்குள் கார்டை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் புருவம் மேலே ஏறியது.

"அப்பா."

"என்ன?"

"வாட்ச்மேன் எங்கேப்பா?"

"மூலையில இருப்பான்."

"மூலை காலியா இருக்கு. நீங்க வெக்கவே இல்லை."

மாமனார் கையை நீட்டிக் கார்டை வாங்கினார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், திருப்பினார். போர்வையை உதறச் சொன்னார். உதறியதில், கறுப்பாக நகத்தளவு ஒரு பாகம் தரையில் விழுந்து உருண்டது. இரண்டு நாளாக வாட்ச்மேன் அவரோடுதான் படுத்திருந்திருக்கிறான்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. மூன்று நாளாகப் பேச்சே முனகலாக வந்துகொண்டிருந்த தொண்டையிலிருந்து அப்படி ஒரு சிரிப்பு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சண்டைக்கு வந்த மாமியாரும் விஷயம் கேட்டுக் கதவில் சாய்ந்து சிரித்தார். "முப்பத்தாறு வருசம்!" என்றார் மாமனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு கார்டுகூட இப்படிப் போட்டதில்லை. மாப்பிள்ளை, மன்னிச்சுடுங்க. உங்க மேல தப்பே இல்லை."

உங்க மேல தப்பே இல்லை. மாப்பிள்ளைக்கு அந்த நாலு வார்த்தையும் வயிற்றில் வெந்நீர் இறங்கியதுபோல இதமாக இருந்தது. ஆனாலும் பழக்க தோஷம், கண் தானாக ரேக்கின் உச்சிக்குப் போனது. மறுபடி நான்கு பூஜ்யம் விழப்போகிறது.

மனைவி வாட்ச்மேனைப் பற்றவைத்துவிட்டு மெயினைத் தட்டினாள். ஒவ்வொரு விளக்காகப் பச்சை வந்தது. மின்விசிறி சுற்றியது. உச்சியில் எண் அசையவில்லை. 3311.

"அது பூஜ்யமாகலையே," என்றான் அவன்.

மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தாள். அந்தக் கருவியின் பின்பக்கத்தைத் திறக்க அவளையும்கூட அப்பா விட்டதில்லை. "இது தனி பேட்டரியில ஓடுதுங்க," என்றாள் ஆச்சரியமாக. "ரேக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. பின்னாடி ஒரு பட்டன் இருக்கு. கையால அழுத்தினாத்தான் பூஜ்யமாகும்."

மாமனார் கையும் களவுமாகப் பிடிபட்டவர்போலக் கூரையைப் பார்த்தார்.

"அப்போ அன்னிக்கு?" என்று கேட்டான் மாப்பிள்ளை.

"நான்தான் அழுத்தினேன்."

"ஏன் மாமா?"

"கார்டைப் போடுங்க முதல்ல. கேபிள்காரன் மூணு மணிக்கு டாண்ணு வந்துடுவான்."

மாப்பிள்ளை இரும்பைத் தொட்டான், கார்டைப் பிடித்தான், நகர்த்தினான். இந்தத் தடவை பொறி இல்லை. வாட்ச்மேன் தன் வேலையைச் செய்ய, விளக்கு முதலில் மங்கலாக விழித்து, யோசித்து, பிறகு நல்ல பச்சையானது. பக்கத்துக் கார்டுகளில் ஒன்றுகூடக் கண்ணைச் சிமிட்டவில்லை. ரேடியோ ஏதோ சோப்பு விளம்பரத்தைப் பாடத் தொடங்கியது. மாமனார் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். அவருடைய பாஷையில் அது பெரிய பாராட்டு. ஆனால் அவன் மனம் பாராட்டில் முழுதாக ஒட்டவில்லை. தானாகப் பூஜ்யமாகவில்லை, வேண்டுமென்றே அழுத்தியிருக்கிறார். ஒன்பது வருடம் தினமும் என் கண்ணில் படட்டும் என்று அழுத்தினாரா? அப்படி ஒரு மனிதரா இவர்? கேட்காமலும் இருக்க முடியவில்லை, சாகப்போகிறவரிடம் போய்க் கேட்கவும் நா எழவில்லை.

மூன்று மணிக்கு முன்பே, தொலைபேசி நிலையத்தில் கேபிள் பதித்துக்கொண்டிருந்த கேபிள்காரரும், அங்கேயே ஆபரேட்டராக இருந்த அம்மாளும் வந்துவிட்டார்கள். கேபிள்காரருக்கு ஒரு காது கேட்காது. கேட்கிற காதை ரேடியோ பக்கம் வைத்துக்கொண்டு, அறிவிப்பாளரைவிடச் சத்தமாகத் தானே வர்ணனை கொடுத்தார். ஆபரேட்டரம்மாள், மாமனார் வேலையில் இருந்த காலத்துக் கதைகளைச் சொன்னார். "ஊருல பெரிய சம்பந்திங்க ரெண்டு பேரு லைன்ல கட்டிப்பிடிச்சு சண்டை போட்டுட்டிருப்பாங்க. இவர் நடுவுல கார்டை உருவி வேற போட்டுடுவார். ஒரு வசவுகூட விட்டுப்போகாது!" மாமனார் படுத்தபடியே, "ரெண்டு வசவு விட்டுப்போச்சு. நான்தான் எடுத்துவெச்சுக்கிட்டேன்," என்றார்.

நான்கரை மணிக்கு மாப்பிள்ளை கிளம்ப எழுந்தான். மாலை ஈடு அடுப்பில் ஏற்றுகிற நேரம். ஒன்பது வருடத்தில் சாயங்காலம் அவன் வீட்டில் இருந்த நாட்கள் அபூர்வம். மாமனார் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"இன்னிக்குப் போகாதீங்க. இங்கேயே இருங்க."

"ஏன் மாமா, உடம்பு எதாவது..."

"உடம்பு கெடக்கு. காலையில ஏன்னு கேட்டீங்கல்ல? சாயங்காலம் இருந்தீங்கன்னா உங்களுக்கே தெரியும். நான் சொன்னா நல்லாருக்காது."

அவன் கடைக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ரேடியோ திடீரென்று 'கோல்' என்று கத்தியது. கேபிள்காரர் எழுந்து குதித்தார். ஆபரேட்டரம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "யாரு போட்டது, யாரு போட்டது?" என்று கேட்டது மாமனார்தான். அடித்தது ஏழாம் எண் ஆட்டக்காரன் என்றார் ஒருவர், பதினொன்று என்றார் இன்னொருவர். சத்தியம் செய்கிற அளவுக்குப் போனார்கள். கடைசியில் தீர்ப்பு கேட்க இருவரும் கட்டில் பக்கம் திரும்பினார்கள்.

தீர்ப்பு வரவில்லை. மாமனாரின் வாயில் அந்தச் சிரிப்பு பாதியில் இருந்தது. மாப்பிள்ளையின் முழங்கால்மேல் அவர் வைத்திருந்த கை மட்டும் கனமாகியிருந்தது. மின்விசிறி சுற்றியது, ரேடியோ கத்தியது, பதினோரு பச்சை விளக்குகளில் எதுவும் மங்கவில்லை.

மாமியார் வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். நீண்ட நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு, "ஜெயிச்சாங்களா?" என்று கேட்டார்.

"ஜெயிச்சுட்டாங்க," என்றார் கேபிள்காரர், அழுதுகொண்டே.

மாப்பிள்ளை ரொட்டி வண்டியை எடுத்துக்கொண்டு டாக்டரைக் கூட்டிவரப் போனான். அவரைத் தேடிப் பிடித்துத் திரும்பி வர எட்டு மணி ஆகிவிட்டது. அதற்குப்பிறகு வந்தவர்களைக் கவனிப்பதிலும், நாற்காலி போடுவதிலும், போன் அடிப்பதிலும் நேரம் ஓடியது. சாயங்காலம் இருந்தால் தெரியும் என்று அவர் சொன்னது இடையிடையே நினைவுக்கு வந்தது. அதுவும் அவரோடு போய்விட்டது என்று அவன் முடிவு செய்துகொண்டான்.

மறுநாள் மத்தியானம் அடக்கம் முடிந்தது. அவ்வளவு சிரிப்போடு ஓர் ஊர்வலம் போனதைத் தெருக்காரர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். போர்வைக்குள் ஒளிந்திருந்த வாட்ச்மேன் கதையைக் கேபிள்காரர் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை சொன்னார். திரும்பும்போது வாட்ச்மேன் மூன்று நாள் ஒளிந்திருந்தான். மனைவி அழுகைக்கு நடுவே சிரித்தாள், சிரிப்புக்கு நடுவே அழுதாள். வீட்டில் இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. மாப்பிள்ளை கடைக்குப் போனான். முந்தின நாளிலிருந்து அணைந்து கிடந்த அடுப்பை மூட்டி, வேறொன்றும் நினைக்காமல் ரொட்டி சுட்டான். சுட்டதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து வாசல் மணியை அழுத்தினான். இரண்டு கையும் நிறைந்திருந்ததால் முழங்கையால்தான் அழுத்த முடிந்தது.

மாமியார் கதவைத் திறந்தார். அவன் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தார். ஆவி வந்துகொண்டிருந்தது.

"நின்னுட்டே இருக்காதீங்க, உள்ளே வாங்க," என்றார்.

அவன் செருப்பைக் கழற்றினான். அப்போதுதான் ஹாலிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டக்கென்று, சீட்டுக்கட்டில் ஒரு சீட்டைப் போட்டதுபோல. இத்தனை வருடத்தில் அவன் கேட்டிராத சத்தம். ரேக்கின் உச்சியில் தகடு புரண்டு 3313 ஆகியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு நாற்பது.

"இப்பத்தான் மாறுமா அத்தை? ராத்திரி பன்னெண்டு மணிக்குன்னு நினைச்சுட்டிருந்தேன்."

"தினமும் இந்த நேரம்தான்," என்றார் மாமியார், மூட்டையை வாங்கிக்கொண்டு. "அது மாறும்போது பக்கத்துல நிக்கணும் அவருக்கு. பால் பொங்கினாலும் அணைக்க வரமாட்டார். நீங்கதான் கடையில இருப்பீங்க, உங்களுக்கு எங்கே தெரியும்?"

"ஏன் ஆறு நாப்பது?"

"அன்னிக்கு நீங்க ரொட்டியும் கையுமா இதே வாசல்ல வந்து நின்னீங்களே, அந்த நேரம். ஓடிப்போனவர் திரும்பி வருவாரோ மாட்டாரோன்னு மத்தியானத்துலேர்ந்து வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துட்டே இருந்தார். நீங்க வந்ததும் என் கையில ரொட்டியைக் கொடுத்துட்டு, ஸ்டூல் மேல ஏறி அதை அழுத்தினார். ஐயாயிரம் போகுதேங்கன்னு நான் கேட்டேன். போனாப் போகுது, இனிமே இதுலேர்ந்து எண்ணலாம்னார்."

மாப்பிள்ளை ரேக்கின் அருகே போனான். ஒன்பது வருடம் விடிகாலை விடிகாலையாகத் தலைகுனிந்து தாண்டிய எண்ணை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றான். கண்ணில் அது கலங்கிக் கலங்கித் தெரிந்தது. ஏனோ சிரிப்பாகவும் வந்தது. ஹாலில் கேபிள்காரர் யாரிடமோ வாட்ச்மேன் கதையை மூன்றாம் முறையாக ஆரம்பித்திருந்தார். இப்போது அவன் நாலு நாள் ஒளிந்திருந்தான்.

மாமியார் மேசையில் ரொட்டியை வைத்துக் கத்தியை எடுத்தார். முதலில் மொறுமொறுப்பான முனையை வெட்டி, வழக்கம்போலத் தனித் தட்டில் எடுத்து வைத்தார். இந்த வீட்டில் முனைத் துண்டு மாமனாருக்கு. வேறு யாரும் கேட்டதில்லை, கேட்டாலும் கிடைக்காது. வைத்தபிறகுதான் அவர் கை நின்றது. பிறகு தட்டை மேசையின் மறுபக்கத்துக்கு, மாப்பிள்ளை நின்ற பக்கத்துக்கு, மெதுவாக நகர்த்தினார்.

அவன், மாமனார் கற்றுக்கொடுத்தபடி, ஒரு கையால் ரேக்கின் இரும்பைத் தொட்டுக்கொண்டு, மறு கையால் துண்டை எடுத்துக் கடித்தான். யாரும் தொடாதீங்க என்று சொல்லவில்லை. முனை நன்றாக முறுகி வெந்திருந்தது.